டக் அக்கா எட்டு போடுகிறார்

"குனிங்க. இன்னும் கொஞ்சம். கீழ எதையோ தேடறீங்கன்னு நினைச்சுக்கோங்க."

வாடிக்கையாளர் குனிகிறார். அவர் தலையில் புது ஹெல்மெட். கடைக்கார அம்மாள் அவருக்குப் பின்னால் போய் நின்று, ஹெல்மெட்டின் பின்விளிம்பில் இரண்டு கைகளையும் கொடுத்து முன்பக்கமாக உருட்டுகிறார். அது நெற்றியைத் தாண்டி, மூக்கைத் தாண்டி, கழன்று அவர் கைக்கே வந்துவிடுகிறது.

"பாத்தீங்களா? நான் மெதுவாத்தான் தள்ளினேன். ரோடு இவ்வளவு மெதுவா தள்ளாது."

அடுத்த அளவை எடுத்து மாட்டுகிறார். இப்போது வாடிக்கையாளரின் கன்னங்கள் பிதுங்கி, உதடு குவிந்து, கண்ணாடித் தொட்டிக்குள்ளிருந்து பார்க்கும் மீன் மாதிரி ஆகிவிடுகிறார். "ரொம்ப இறுக்குதே அக்கா" என்கிறார்.

"இறுக்கட்டும். உள்ள இருக்கற பஞ்சு போகப்போக உங்க கன்னத்துக்குப் பழகிடும். புதுமாப்பிள்ளை மாதிரி, முதல்ல கொஞ்சம் முறுக்கிட்டுத்தான் இருக்கும். இப்ப 'மாட்டேன், மாட்டேன்'னு தலையை ஆட்டுங்க."

தலையோடு சேர்ந்து ஹெல்மெட்டும், ஹெல்மெட்டோடு சேர்ந்து கன்னத்துத் தோலும் அசைய வேண்டும். தலை மட்டும் உள்ளே தனியாகச் சுற்றினால் அந்த ஹெல்மெட் அலமாரிக்குத் திரும்பிப் போகும். எல்லாம் சரியாக இருந்தால் வாரைத் தாடைக்குக் கீழே கொண்டுவந்து பூட்டுவார். டக். பிறகு தாடைக்கும் வாருக்கும் நடுவில் தன் இரண்டு விரல்களை நுழைத்துப் பார்ப்பார். இரண்டு விரல் போக வேண்டும், மூன்றாவது போகக் கூடாது. போனால் வாரின் நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்து, மறுபடி விரலை விட்டுப் பார்ப்பார்.

அத்தோடு விட்டுவிட மாட்டார். ஹெல்மெட்டோடு ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். கொஞ்ச நேரம் கழித்து, "நெத்தியில ஒரு இடத்துல மட்டும் குத்துதா?" என்று கேட்பார். குத்தினால் அளவு சரி, வடிவம் தப்பு. நீளத் தலைக்கு உருண்டை ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். இதனால் அந்தக் கடையில் எப்போதும் இரண்டு மூன்று பேர் ஹெல்மெட்டோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். புதிதாகத் தெருவுக்கு வருகிறவர்கள், விண்வெளிக்குப் போகிற வண்டி இங்கேதான் வரும்போல என்று நினைத்துக்கொள்ளலாம்.

தெருவில் அவருக்கு 'டக் அக்கா' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்று தெரியாது. காரணம் எல்லோருக்கும் தெரியும். கடைக்கு எதிரே நாற்சந்தி. சிவப்பு விளக்கு விழுந்ததும் அக்கா கடைப் படியில் வந்து, இடுப்பில் கைவைத்து நிற்பார். காத்திருக்கும் வண்டிகளின் வரிசையை ஒரு பார்வை பார்ப்பார். வார் தொங்கும் தலை கண்ணில் பட்டால், "தம்பி, லாக்கு!" என்று குரல் போகும். பழகியவர்கள் குரலுக்குக் காத்திருப்பதில்லை. அக்கா படிக்கு வந்தாலே போதும், வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை டக், டக், டக், டக் என்று சத்தம் ஓடும்.

என் கடை அடுத்த கடை. வண்டி சீட்டுகளுக்கு உறை தைக்கிறேன். ஆகவே இவையெல்லாம் நடுவில் இருக்கிற பலகைச் சுவர் வழியாகவே எனக்குக் கேட்டுவிடும்.

அக்கா முகங்களை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. தலைகளைத்தான் வைத்துக்கொள்கிறார். ஒரு கல்யாண வீட்டில், மாப்பிள்ளையின் பெரியப்பாவைக் கும்பிட்டுவிட்டு, "உங்களைத் தெரியுமே, பின்மண்டை தட்டை, சைஸு பெருசு" என்று சொல்லியிருக்கிறார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த மண்டைக்குப் பொருந்துகிற ஹெல்மெட்டை ஊரெல்லாம் தேடி, கடைசியில் அக்காவிடம்தான் அவருக்குக் கிடைத்ததாம்.

அடிபட்ட ஹெல்மெட்டை யாராவது கொண்டுவந்து, "மேல கீறல்தான் அக்கா, கொஞ்சம் பெயின்ட் அடிச்சா போதும்" என்றால், அக்கா கத்தரிக்கோலை எடுத்து இரண்டு வார்களையும் வெட்டிவிடுவார். ஒரு தடவை அடி வாங்கியது இன்னொரு தடவை காப்பாற்றாது. வார் இல்லாவிட்டால் யாரும் எடுத்து மாட்ட முடியாது. வெட்டியதைத் தலைகீழாக வைத்து, மண் நிரப்பி, பின்சுவரின் மேல் வரிசையாக வைத்துச் செடி நட்டிருக்கிறார். முகம் தெரிய வேண்டிய இடத்திலிருந்து இலைகள் எட்டிப் பார்க்கும்.

புதிதாக வண்டி ஓட்டப் போகிறவர்கள் வந்துவிட்டால் அக்காவுக்கு உற்சாகத்தில் தலைகால் புரியாது. "கையுறை எதுக்கு அக்கா?" என்று கேட்டவரைச் சொல்லாமல் கொள்ளாமல் தோளில் ஒரு தள்ளு தள்ளுவார். தடுமாறுகிறவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டுவார். "பாத்தீங்களா? நீங்க கேக்கறீங்க, உங்க கை பதில் சொல்லிடுச்சு. விழுந்தா அதுதான் முதல்ல போகும்." உள்ளங்கையில் இரட்டைத்தோல் இருக்கிறதா, அதன் விளிம்பில் தையல் நெருக்கமாக ஓடியிருக்கிறதா என்று நகத்தால் கீறிக் காட்டுவார். அந்த விஷயத்தில் அவர் கண்ணில் குறை சொல்ல முடியாது. தையல்காரனான நானே இரண்டு தடவை அவரிடம் தோற்றிருக்கிறேன்.

ஜாக்கெட் வாங்குகிறவரை நிற்க வைத்துப் பார்க்க மாட்டார். என்னிடம் வாங்கிய ஒரு பழைய சீட்டை மர ஸ்டூல்மேல் அறைந்து வைத்திருக்கிறார். அதில் ஏறி உட்கார்ந்து, இல்லாத கைப்பிடியைப் பிடிக்கச் சொல்வார். முழங்கையை மடக்கும்போது உள்ளே வைத்த கெட்டித் தகடு முழங்கையிலேயே இருக்க வேண்டும். பாதிப் பேருக்கு அது மேலே ஏறி எங்கோ போயிருக்கும். "உங்க முழங்கை இங்க இருக்கு, காவல்காரன் அங்க தூங்கறான்" என்பார். காலணி கணுக்கால் எலும்பை மூட வேண்டும். இதெல்லாம் சரி. நிறத்தில்தான் அவரோடு பேசி ஜெயிக்க முடியாது. எல்லோருக்கும் மஞ்சள்தான் காட்டுவார். கறுப்பு கேட்டு வருகிறவர்கள் மஞ்சளைத் தாண்டித்தான் கறுப்புக்குப் போக முடியும்.

இப்படி ஒரு கடையில் இப்படி ஓர் அம்மாள். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது யாருக்கும் தோன்றவே இல்லை.

ஒரு கல்லூரிப் பெண் கேட்டுவிட்டாள். கையுறையை மாட்டிக்கொண்டே, "நீங்க என்ன வண்டி அக்கா ஓட்டறீங்க?" என்றாள்.

"பஸ்ஸு" என்றார் அக்கா. அவருடைய வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுநர். அக்கா அந்த பஸ்ஸில்தான் தினமும் வருவார், போவார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலம் என் கடைப் பக்கம் வந்து, ஒரு சீட்டின்மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தபடி, "ஏங்க, இது என் உயரத்துக்குக் கால் எட்டுமா?" என்று கேட்டார்.

வண்டியைத் தேடிப் பிடித்தவர் அவருடைய கொழுந்தன். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை, நாளெல்லாம் ஸ்கூட்டர்மேல் இருப்பவர், இரண்டு வேளைச் சாப்பாடு அண்ணி வீட்டில். யாரோ கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு விற்ற சிவப்பு மோட்டார் சைக்கிள் அது. கொண்டுவந்து நிறுத்திய நாளே அவர் கண் அதன்மேல் விழுந்துவிட்டது. "அண்ணி, உங்களுக்கு இது கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லிப் பார்த்தார். அக்கா மஞ்சள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கொழுந்தன் இரண்டடி பின்னால் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "சிக்னல் கம்பத்துல ஒரு லைட்டு மட்டும் கழண்டு வந்து நிக்கற மாதிரி இருக்கு" என்றார்.

"தெரியுதுல்ல? அதுக்குத்தான்" என்றார் அக்கா.

பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒல்லியான ஒரு பெண் வந்து கற்றுக்கொடுத்தாள். தினமும் காலையில் அக்கா கடையைத் திறந்ததுமே பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து செய்தி வந்துவிடும். "இன்னிக்கு மூணாவது கியர் போட்டேன்." "இன்னிக்கு ஒரு லாரிய முந்தினேன். நின்னுட்டு இருந்த லாரிதான், இருந்தாலும் லாரிதானே?" வீட்டுக்காரர் மட்டும் இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. "பஸ்ஸுல போனா உக்காந்துட்டே போகலாம்" என்பது அவர் கட்சி.

லைசென்ஸ் தேர்வு என்றால் மைதானத்தில் வெள்ளைக் கோட்டால் வரைந்த எட்டுக்குள் காலை ஊன்றாமல் சுற்றி வர வேண்டும். அக்காவுக்கு அது தூக்கத்தில்கூட வரும். முதல் தடவை போனபோது ஒரு சுற்று அழகாகப் போனார். இரண்டாவது சுற்றில் திரும்பும்போது, வேலியோரம் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்திருந்த கொழுந்தன் கண்ணில் பட்டார். தலையில் ஹெல்மெட், தாடைக்குக் கீழே வார் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் கண் வாருக்குப் போனது. கண்ணுக்குப் பின்னாலேயே வண்டியும் போனது. வெள்ளைக் கோட்டைத் தாண்டி, கொழுந்தனை நோக்கி நேராக. பாதி வழியில் காலை ஊன்றி நிறுத்தி, "தம்பி, லாக்கு!" என்றார்.

ஆய்வாளர் சிரிப்பைச் செலவழிக்காத மனிதர். "அம்மா, நீங்க டெஸ்ட் குடுக்க வந்தீங்களா, டெஸ்ட் எடுக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்று சாப்பாட்டின்போது நடந்ததை அக்காவே மறுநாள் கடையில் எல்லோருடைய குரலிலும் நடித்துக் காட்டினார்.

"அண்ணி, சும்மா நிக்கற வண்டி துருப்பிடிச்சுடும். அடுத்த தடவையும் ஊத்திக்கிச்சுன்னா எனக்குக் குடுத்துடுங்க."

"எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டார் அக்கா. கோபத்தில் வந்த வார்த்தை.

"அண்ணா, கேட்டியா? நீதான் சாட்சி."

"நான் எதையும் கேக்கல. சாப்பிட்டுட்டு இருக்கேன்" என்றாராம் வீட்டுக்காரர்.

நடித்து முடித்ததும் அக்கா துணியை எடுத்து வண்டியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். கடையில் ஒன்றைச் சொல்லிவிட்டு மாற்றுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. வீட்டில் சொன்னதையும் மாற்ற மாட்டார் என்று கொழுந்தனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தப்பு எங்கே என்று அந்த ஒல்லிப் பெண் உடனே பிடித்துவிட்டாள். "கண்ணு எங்க போகுதோ அங்கதான்க்கா வண்டி போகும். குழியப் பாத்தா குழிக்குள்ள போகும். நீங்க போற வழியப் பாக்கணும், நீங்க மண்டையப் பாக்கறீங்க."

"என் பொழப்பே மண்டையப் பாக்கறதுதானேம்மா."

கடைகளுக்குப் பின்னால் லாரிகள் சரக்கு இறக்குகிற வெற்றிடம் இருக்கிறது. விடிந்ததும் அக்கா அங்கே சுண்ணாம்பால் ஓர் எட்டு வரைந்தார். என் கடையிலிருந்த ஸ்டூல்களையெல்லாம் வாங்கிக்கொண்டுபோய் எட்டைச் சுற்றி நிறுத்தினார். ஒவ்வொரு ஸ்டூலின்மேலும் ஒரு ஹெல்மெட். ஒவ்வொரு ஹெல்மெட்டிலும் வார் அவிழ்ந்து தொங்க, காற்றில் ஆடிற்று. பார்க்கப் பொல்லாத கூட்டம்தான், யாருமே பூட்டவில்லை.

முதல் நாள் நேராக ஒரு ஸ்டூலின்மேல் கொண்டுபோய் மோதினார். ஹெல்மெட் பறந்து சுவரில் அடித்து உருண்டது. அக்கா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப்போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தார். புத்தம்புது ஹெல்மெட். "அக்கா, உள்ள யாருமே இல்லையே, ஒண்ணும் ஆயிருக்காது" என்றாள் அந்தப் பெண். "அடி அடிதான்" என்று வாரை வெட்டினார். அந்த வாரத்தில் பின்சுவரில் புதுத் தொட்டிகள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே வந்தன. காலையில் நான் கடைக்கு வந்ததும் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன். பிறகு ஒரு நாள் புதுத் தொட்டி இல்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கு அடுத்த நாள் தெருவின் எல்லாக் கடைக்காரர்களும் பின்பக்கத்தில் வந்து நின்றுவிட்டோம். அக்கா தாடையைத் தூக்கி, அடுத்த வளைவைப் பார்த்தபடி, ஆடும் வார்களுக்கு நடுவில் மஞ்சள் பூச்சி மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். யாரோ கைதட்ட, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கும் சேர்த்துக் கைதட்டினோம்.

இரண்டாவது தேர்வுக்கு நானும் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். அதற்கு முந்தின நாள் வீட்டுக்காரர் கடைக்கு வந்து, "அந்த நேரத்துல என் பஸ்ஸு மைதானத்து ஓரமாத்தான் போகும். ஹாரன் அடிக்கட்டா?" என்று கேட்டதைக் கேட்டேன்.

"வேண்டாங்க. திரும்பிப் பாத்துடுவேன்."

அக்கா முன்னால் தன் வண்டியில், பின்னால் ஒல்லிப் பெண். நான் கொழுந்தனின் ஸ்கூட்டரில். ஏறும் முன் அவர் ஹெல்மெட்டை மாட்டினார். யாரும் சொல்லாமல் வாரைப் பூட்டினார். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "என்ன பாக்கறீங்க? வெயிலா இருக்கேன்னு போட்டேன்" என்றார். மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் கழற்றவில்லை. வேலியோரம் நிழல் இல்லாத இடத்தில், முகமூடிக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, பூட்டின தலையோடு சிலை மாதிரி நின்றார். அண்ணி பார்த்துவிட்டால் குறை சொல்ல ஒன்றும் இருக்கக் கூடாது.

ஆய்வாளர் வரத் தாமதமானது. ஸ்கூட்டரில் அவசரமாக வந்து இறங்கினார். கையில் காகிதக் கட்டு, அக்குளில் அட்டை. வெயிலுக்கு இருக்கட்டும் என்று ஹெல்மெட்டைக் கழற்றாமல், நேராக எட்டின் எதிர்முனைக்குப் போய் நின்றார். எந்தப் பக்கம் திரும்பினாலும் முகத்துக்கு நேரே வருகிற இடம்.

ஹெல்மெட்டின் வார் பூட்டியிருக்கவில்லை. இரண்டு பக்கமும் தாராளமாகத் தொங்கி ஆடிற்று.

"போச்சு" என்றார் கொழுந்தன், கண்ணாடிக்கு உள்ளிருந்து.

அக்காவும் பார்த்துவிட்டார். வண்டிமேல் உட்கார்ந்து கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தவர் ஒரு கணம் அசையாமல் இருந்ததை நான் கவனித்தேன். ஒல்லிப் பெண் கிட்டே போய் ஏதோ சொன்னாள். அக்கா தலையாட்டினார். தன் தாடைக்குக் கீழே இரண்டு விரல்களை விட்டுப் பார்த்துக்கொண்டார். தாடையைத் தூக்கினார். கிளம்பினார்.

முதல் வளைவில் ஆய்வாளரை நோக்கியே வண்டி போவது மாதிரி இருந்தது. கொழுந்தன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அக்காவின் முகம் ஹெல்மெட்டோடு சேர்ந்து பக்கவாட்டில் திரும்பியது, வளைவு எங்கே முடிகிறதோ அங்கே. வண்டியும் அந்தப் பக்கம் சாய்ந்தது. வெள்ளைக் கோட்டுக்கு உள்ளேயே சக்கரம் போனது. நடுவில் கடந்து, அந்தப் பக்க வளைவு. திரும்பி மறுபடி இந்தப் பக்கம். காற்று எழும்பி ஆய்வாளரின் வாரைத் தூக்கி ஆட்டியது, 'இங்கே பார், இங்கே பார்' என்று. மைதானத்துக்கு வெளியே நகரப் பேருந்து ஒன்று மிகவும் மெதுவாகப் போயிற்று. ஹாரன் அடிக்கவில்லை. ஜன்னல்களில் எல்லாத் தலைகளும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தன. அக்கா அதையும் பார்க்கவில்லை.

"பாக்காதீங்க அண்ணி, பாக்காதீங்க, பாக்காதீங்க" என்று கொழுந்தன் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியை வாங்கிக்கொள்ள வந்தவர் மாதிரி இல்லை.

கடைசிச் சுற்று. கோட்டுக்கு வெளியே வந்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அதன் பிறகே அக்கா காலைத் தரையில் வைத்தார்.

"எட்டு சுத்தமா வந்துடுச்சு. பாஸ்" என்று ஆய்வாளர் அட்டையைத் தூக்கி, பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினார்.

கொழுந்தன் முகமூடிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வேலியைத் தாண்டி ஓடினார். பாதி தூரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. அக்கா வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, கையுறைகளைக் கழற்றி ஜாக்கெட் பைக்குள் வைத்துவிட்டு, ஆய்வாளரை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"அண்ணி, கையெழுத்து போடட்டும்… அண்ணி, முதல்ல அவரு கையெழுத்து…"

"சார், கொஞ்சம் தாடையைத் தூக்குங்க" என்றார் அக்கா.

பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது. மூடியைப் பல்லில் கடித்தபடியே ஆய்வாளர் தாடையைத் தூக்கினார். அக்கா இரண்டு பக்கத்து வாரையும் பிடித்துச் சேர்த்தார். டக். நடுவில் விரல்களை நுழைத்தார். நான்கும் போயின. வாரின் நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, மறுபடி இரண்டு விரல்களை விட்டுப் பார்த்தார்.